தினமும் மரம் அறுக்க எந்தப் பவர் சா? மன்னார்குடித் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிப் பக்கம் உங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. இத்தனை நாள் 30 சிசி சின்ன மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு காய்ந்த மரம், விறகு என்று சமாளித்துவிட்டீர்கள். இப்போது மரவாடிக்காரர் ஒருவர் வாரம் ஐந்து நாள் வேலை தருகிறேன் என்கிறார். தென்னை, வாகை, கருவேலம், எப்போதாவது ஒரு புளியமரம். ஆன்லைனில் விற்கும் 58 சிசி மெஷினை வாங்குவதா, ஸ்டில் எம்.எஸ். 261, ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்பி மாதிரி தொழில்முறை மெஷினுக்குப் போவதா, இல்லை மாமா சொல்வதுபோல ‘வாங்குறதே வாங்குற, பெரிசா வாங்கு’ என்று 72 சிசி எம்.எஸ். 382 எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில் இது. 50 சிசி தொழில்முறை மெஷின், 16 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு). ஸ்டில்லா ஹஸ்க்வர்னாவா என்பதை மெஷினைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கடையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம்தான் வேலை பார்க்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, பல மாதம் இந்தப் பகுதியில் மரம் அறுப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. வீட்டின் மேல் விழுந்தது, கம்பியின் மேல் விழுந்தது, வாய்க்காலை அடைத்துக்கொண்டு கிடந்தது, தோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடந்தது. வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் மெஷினோடு வந்தார்கள். காலை ஆறு மணியிலிருந்து இருட்டும்வரை ஒரு மெஷினைப் பிடித்தால் அது எப்படிப்பட்டது என்று மூன்றே நாளில் தெரிந்துவிடும். கடையில் கயிறு இழுத்துப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது.

முதலில் சிசி பற்றிய மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். சிசி என்பது சிலிண்டரின் கொள்ளளவு மட்டும்தான். அந்த இடத்திலிருந்து எவ்வளவு சக்தி வருகிறது, அதை எவ்வளவு எடையில் தருகிறார்கள் என்பதுதான் உங்கள் தோளுக்குத் தெரியும் விஷயம். ஸ்டில் கம்பெனியிலேயே இரண்டு மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ். 291 தோட்டக்காரர்களுக்கானது: 55.5 சிசி, 2.8 கிலோவாட், பாரும் செயினும் இல்லாமல் 5.6 கிலோ. எம்.எஸ். 261 தொழில்காரர்களுக்கானது: 50.2 சிசி, 3 கிலோவாட், 4.9 கிலோ. சிசி குறைந்தது, சக்தி கூடியது, எடையில் முக்கால் கிலோ கிட்டக் குறைந்தது. ஹஸ்க்வர்னாவிலும் அதே கதைதான். 455 ராஞ்சர் 55.5 சிசி, 2.6 கிலோவாட், 5.8 கிலோ. 550 எக்ஸ்பி மார்க் டூ 50.1 சிசி, 3 கிலோவாட், 5.3 கிலோ. அதனால் பெட்டியில் 58 என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு 50-ஐவிடப் பெரியது என்று நினைக்க வேண்டாம்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? தொழில்முறை மெஷினில் கிராங்க் கேஸ், அதாவது எஞ்சினின் அடிக்கூடு, மெக்னீசியத்தில் வார்த்தது. நெட்டுவாக்கில் இரண்டு பாதியாக இருக்கும், சிலிண்டர் அதன் மேல் நான்கு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். தோட்டக்கார மெஷின்களில் எஞ்சின் தனிப் பொட்டலமாகச் செய்யப்பட்டு பிளாஸ்டிக் உடம்புக்குள் வைக்கப்பட்டிருக்கும். வாரம் ஒருநாள் ஓட்டுகிறவருக்கு அது பத்து வருஷம்கூட வரும், குறை சொல்ல மாட்டேன். எம்.எஸ். 250 அந்த ரகம்தான்: 45.4 சிசி, 2.3 கிலோவாட், 4.6 கிலோ. சொந்தத் தோப்புக்கு மட்டும் என்றால் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் தினம் ஆறு, ஏழு டேங்க் ஓட்டுகிறவருக்கு இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று அதிர்வு. தொழில்முறை மெஷினில் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்து அதிர்வை நன்றாகப் பிரித்திருப்பார்கள். இது சொகுசுக்காக இல்லை. சாதாரண மெஷினை ஒரு வாரம் தொடர்ந்து பிடித்துவிட்டு இரவு சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசையும்போது விரல் நுனியில் சூடு தெரியாது. அது வருஷக்கணக்கில் தொடர்ந்தால் விரல் நரம்புக்கே கேடு.

இரண்டாவது, ரிப்பேர். இதற்கு எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். கஜா வேலை நடந்த சமயம், கூட இருந்த பையன் அவசரத்தில் வண்டிக்கு வைத்திருந்த வெறும் பெட்ரோலை மெஷினில் ஊற்றிவிட்டான். இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி, ஒரே சாக்கில் இருந்தன. பத்து நிமிஷம் ஓடியிருக்கும், சத்தம் வழக்கத்தைவிட மெல்லிசாக ஏறியது, அப்படியே நின்றது. கயிறு இழுத்தால் அசையவில்லை. சைலன்சரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் பிஸ்டன் பக்கவாட்டில் ஆணியால் கீறியது மாதிரி கோடு கோடாகக் கிடக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாக இல்லை, பெட்ரோலோடு போவதுதான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். அது தொழில்முறை மெஷின் என்பதால் நான்கு போல்ட்டைக் கழற்றி, சிலிண்டரைத் தூக்கி, பிஸ்டனும் சிலிண்டரும் மாற்றி அன்று ராத்திரியே ஓட வைத்துவிட்டோம். அதே நேரத்தில் பக்கத்துத் தோப்பில் ஒருவருடைய மெஷினுக்கு வேறு ஒரு கோளாறு. பெயர் தெரியாத 58 சிசி. எஞ்சினை உடம்பிலிருந்து முழுதாக வெளியே எடுக்க வேண்டியிருந்தது. எடுத்த பிறகு அதற்குப் பொருந்தும் பிஸ்டன் எந்தக் கடையிலும் இல்லை, பெட்டியில் போட்டிருந்த நம்பருக்கு ஃபோன் எடுக்க ஆளில்லை. கூலி நாள் பன்னிரண்டு போனது அவருக்கு. மெஷின் விலை பத்தாயிரத்துக்குள்தான், ஆனால் பன்னிரண்டு நாள் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

அன்றிலிருந்து ஆயில் கலந்த பெட்ரோல் கேனுக்குச் சிவப்புத் துணி கட்டுகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், அதாவது 50-க்கு 1. இது கம்பெனியின் சொந்த டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கான கணக்கு. சாதாரண டூ டி ஆயில் ஊற்றினால் 40 மில்லி. கண்ணளவில் ஊற்ற வேண்டாம், மருந்துக்கடையில் ஊசி போடும் சிரிஞ்சு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் என்றதும் இன்னொன்று. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் பக்கத்துக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கலந்து வைத்த கேனைப் பத்து நாள் கழித்துப் பார்த்தால் அடியில் கலங்கலாகப் படியும். அது கார்புரேட்டரின் மெல்லிய ரப்பர் தகட்டை விறைக்க வைத்துவிடும், கயிறு இழுத்து இழுத்துத் தோள் போகும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். நாலு நாள் வேலை இல்லை என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

இதை ஒட்டியே கார்புரேட்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் தேர்வில் இது பெரிய விஷயம். எம்.எஸ். 261-ன் புதிய மாடலில் எம்-ட்ரானிக், 550 எக்ஸ்பியில் ஆட்டோட்யூன். இரண்டிலும் சின்ன கம்ப்யூட்டர் ஒன்று எவ்வளவு எரிபொருள் போக வேண்டும் என்று தானே பார்த்துக்கொள்ளும். ஃபில்டர் பாதி அடைத்திருந்தாலும் எத்தனால் கூடக்குறைய இருந்தாலும் அது சரிக்கட்டிக்கொள்ளும். ஸ்குரூ டிரைவரால் யாரும் தப்பாகத் திருகி எஞ்சினைச் சூடேற்றிக் கெடுக்க முடியாது. நல்ல விஷயம்தான். ஆனால் அதன் வால்வோ வயரோ போனால், நம்மூர் மெக்கானிக் காதால் கேட்டு அரைச்சுற்று திருகிச் சரிசெய்ய முடியாது. கம்பெனி சர்வீஸ் ஆளிடம் இருக்கும் சோதனைக் கருவியில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். அந்தக் கருவி உள்ள கடை உங்களுக்கு எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது? தஞ்சாவூரா, கும்பகோணமா, திருச்சியா? இதை விசாரிக்காமல் பணத்தைக் கட்டாதீர்கள். ஒரு பஸ்ஸில் போய் அன்றே திரும்பும் தூரத்தில் இல்லை என்றால், கையால் திருகும் கார்புரேட்டர் உள்ள மெஷின்தான் உங்களுக்குச் சரி. அந்த ஒரு காரணத்துக்காகவே மாமா சொல்லும் எம்.எஸ். 382-க்கு நம் பக்கம் இவ்வளவு மரியாதை. பழைய கட்டுமானம், யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம்.

சரி, மாமாவின் 382-க்கே வருவோம். 72.2 சிசி, 3.9 கிலோவாட், 6.2 கிலோ. பார், செயின், பெட்ரோல், செயின் ஆயில் எல்லாம் சேர்ந்தால் எட்டு கிலோவைத் தாண்டும். கரையோரத்துத் தூங்குமூஞ்சி மரம், பழைய புளி, ஆள் கட்டிப்பிடிக்க முடியாத இலுப்பை, இவற்றுக்கு 25 இஞ்ச் பாரோடு அதுதான் வேண்டும், 50 சிசி அங்கே திணறும். மாமா அந்த மாதிரி மரங்களை அறுத்து வளர்ந்தவராக இருப்பார், அவர் சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வேலையில் முக்கால்வாசி தென்னை. தென்னையின் நடுத்தண்டு ஓர் அடி குறுக்களவுதான் இருக்கும், அடியில் மட்டும் பருத்திருக்கும். 16 இஞ்ச் பார் என்றால் 40 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் போய் அறுத்தால் அடிமரமும் அடங்கிவிடும். நடவு முடிந்த வயலின் வரப்பில், முழங்கால் சேற்றில், ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு எட்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு நூறு தடவை நடந்து பாருங்கள். மத்தியானத்துக்கு மேல் கை தளரும், தளர்ந்த கையில்தான் விபத்து வரும். புளியமரம் எப்போதாவதுதான் என்கிறீர்கள். அந்த நாளைக்குப் பெரிய மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், அல்லது மாமாவையே மெஷினோடு கூப்பிடலாம்.

இரண்டுக்கும் நடுவில் 60 சிசி ரகம் ஒன்று உண்டு. ஸ்டில் எம்.எஸ். 362 என்றால் 59 சிசி, ஹஸ்க்வர்னா 562 எக்ஸ்பி என்றால் 59.8 சிசி, இரண்டும் சுமார் 3.5 கிலோவாட். 18, 20 இஞ்ச் பாரைத் தாராளமாக இழுக்கும். வாகை, வேம்பு, மா என்று உள்மரம் கெட்டியானவைதான் உங்கள் வேலையில் பாதி என்றால் நான் 362 பக்கம் சாய்ந்திருப்பேன். எல்லாவற்றுக்கும் ஒரே மெஷின் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கும் அதுவே. முக்கால்வாசி தென்னை என்பதால்தான் 50-ல் நிற்கிறேன்.

தென்னையை ஏன் தனியாகப் பேசுகிறேன் என்றால், பவர் சா விற்கிறவர்கள் காட்டும் வீடியோவெல்லாம் பைன், ஓக் மாதிரி மரங்கள். அவற்றுக்கு வைரம் உள்ளே. தென்னையும் பனையும் புறக்காழ். கெட்டியெல்லாம் வெளிச்சுற்றில், நடுவில் ஊறிய பஞ்சு மாதிரி. செயின் முதலில் கெட்டி வளையத்தில் இறங்கும்போது பொறுமையாகப் போகும், நடுவுக்கு வந்ததும் திடீரென்று வழுக்கிக்கொண்டு ஓடும், எதிர்ப்பக்க வளையத்தில் மறுபடி முட்டும். அந்த ஓட்டத்தில் நீங்கள் அழுத்திக்கொண்டிருந்தால் பார் நுனி கீழே கிடக்கும் இன்னொரு தண்டில் போய் இடிக்கும். பாரின் மேல்நுனி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும், கண் இமைக்கும் நேரம்கூடக் கிடைக்காது. முன்பக்கத் தட்டு உங்கள் இடக்கையில் பட்டுச் செயின் பிரேக் விழுவதற்காகத்தான் அங்கே இருக்கிறது. இடக்கைக் கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி இருக்க வேண்டும், மேலே வைத்துக்கொண்டு பிடிக்கிற பழக்கம் நம் ஆட்களில் நிறையப் பேருக்கு உண்டு. பனை இன்னும் மோசம், வெளிச்சுற்று கருங்கம்பி மாதிரி. இரண்டு பனை அறுத்தால் செயினுக்கு அரம் போட்டே ஆக வேண்டும். அப்புறம், பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-லேயே தமிழக அரசு அறிவித்தது. மரவாடிக்காரர் சொன்னார் என்று போய் அறுத்துவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். ஆற்றங்கரை, வாய்க்கால் கரை மரங்களும் அப்படித்தான், யார் காட்டினாலும் கடிதம் கேளுங்கள்.

தென்னை அறுத்த ஒரு மணி நேரத்தில் செயின் மூடியைத் திறந்து பாருங்கள். ஈரமான நார் செயின் ஸ்ப்ராக்கெட்டை (செயினை இழுக்கும் பல்சக்கரம்) சுற்றிக் கயிறு திரித்த மாதிரி இறுகிப் போயிருக்கும். அதன் மேல் செயின் ஆயிலும் தண்டின் நடுச்சோற்றுத் தூளும் சேர்ந்து புட்டு மாவு போலக் கெட்டியாக அப்பியிருக்கும். அந்த நார்தான் பாரின் ஆயில் துளையை அடைக்கிறது. ஆயில் போகாத பார் பத்து நிமிஷத்தில் நீலம் பாரித்துவிடும், பாரின் காடி விரியும், அப்புறம் செயின் ஆடிக்கொண்டே ஓடும். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் மூடியைத் திறந்து குச்சியால் நோண்டி எடுத்துவிடுங்கள், இரண்டு நிமிஷ வேலை. பார் நுனியை ஒரு வெள்ளைத் துண்டத்துக்கு நேராக நீட்டி முடுக்கினால் மெல்லிய ஆயில் கோடு விழ வேண்டும். விழவில்லை என்றால் அறுக்க வேண்டாம். மூடியைக் கழற்றும்போது நட்டு கையோடு வந்து சேற்றில் விழுந்து தொலைவது நம் ஊரில் தினசரிச் சங்கடம். எம்.எஸ். 261-ல் நட்டு மூடியோடே ஒட்டி நிற்கும், 550 எக்ஸ்பி மார்க் டூவிலும் அப்படியே. சின்ன விஷயம்தான், ஆனால் வயல்காட்டில் இதன் அருமை தெரியும்.

இந்த இரண்டில் எது என்று நெருக்கிக் கேட்டால்: சக்தியில் வித்தியாசம் இல்லை, கையில் பிடித்தால் 261 இலேசு. மட்டை கழிக்க, துண்டுபோட, குனிந்து நிமிர அது சுகம். 550-ல் காற்று ஃபில்டருக்குப் போகுமுன்பே சுழற்றித் தூசியை வெளியே தள்ளிவிடும் ஏற்பாடு இருக்கிறது. காய்ந்த தென்னை, காய்ந்த கருவேலம் அறுக்கிற பங்குனி, சித்திரை மாதத்தில் ஃபில்டர் நாள் முழுவதும் தாங்குகிறது. தூசிக்காட்டில் வேலை என்றால் 550, சேற்றுக்காட்டில் வேலை என்றால் 261 என்பேன். இதற்கு மேல் வித்தியாசம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உண்மையில் இந்த இரண்டு மெஷினுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைவிட, கூரான செயினுக்கும் மழுங்கின செயினுக்கும் உள்ள வித்தியாசம் பல மடங்கு. 1946-ல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரத்தொழிலாளி, ஒரு வண்டின் புழு மரத்தைத் தின்பதை உட்கார்ந்து பார்த்தார். அது இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்து, நார் ஓட்டத்தைப் பற்றிக் கவலையே இல்லாமல் உள்ளே போனது. அதே மாதிரி இடப்பல், வலப்பல் என்று மாற்றி மாற்றி வைத்து அவர் செய்த செயின்தான் இன்றுவரை நம் மெஷின்களில் ஓடுகிறது. தென்னையைக் குடைகிற வண்டையும் அதன் புழுவையும் பார்த்தே வளர்ந்த நமக்கு இது புரியாத சங்கதி இல்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், இடப்பல்லுக்கு நாலு இழுப்பும் வலப்பல்லுக்கு ஆறு இழுப்பும் அரம் போட்டால் வெட்டு நேராக இறங்காது, வாழைப்பழம் மாதிரி வளையும். பார் கோணல் என்று பார் மாற்றுவார்கள். கோணல் அரத்தில்.

அரம் போடுவதை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். அறுத்த அடிக்கட்டையில் ஒரு சின்ன வெட்டுப் போட்டு அதில் பாரைச் செருகி நிறுத்துங்கள், அதுதான் உங்கள் வைஸ். செயின் பிரேக்கைப் போடுங்கள். 0.325 இஞ்ச் பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு) செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருளை அரம். பல்லின் மேல் 30 டிகிரிக்குக் கோடு போட்டிருக்கும், அந்தக் கோட்டை ஒட்டி உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள், திரும்ப இழுக்கும்போது அரம் பல்லில் படக் கூடாது. மூன்று தள்ளு. முதல் தள்ளில் கரகரவென்று கையில் தட்டும், மூன்றாவதில் வழுக்கிக்கொண்டு போகும், அப்போது நிறுத்திவிட்டு அடுத்த இடப்பல். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் வந்து நின்று வலப்பல். 16 இஞ்ச் செயினில் முப்பத்துச் சொச்சம் பல், மொத்தம் பத்து நிமிஷம். ஒவ்வொரு டேங்க் நிரப்பும்போதும் இரண்டு தள்ளு போட்டால் எப்போதும் மழுங்கவே மழுங்காது. பல்லுக்கு முன்னால் இருக்கும் தடுப்பு, பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும், நாலைந்து தடவை அரம் போட்ட பிறகு அதையும் தட்டை அரத்தால் சரிபாருங்கள். துண்டு துண்டாகச் செதில் விழுந்தால் செயின் நன்றாக இருக்கிறது. மாவாக விழுந்தால் அறுப்பதை நிறுத்தி அரத்தை எடுங்கள்.

செயின் வாங்கும்போது ‘ஃபுல் சிசல்’ என்று கொடுப்பார்கள். பல்லின் மூலை கூர்மையாக இருக்கும், சுத்தமான மரத்தில் பறக்கும். நமக்கு அது வேண்டாம். முத்துப்பேட்டை, பேராவூரணிப் பக்கம் மணல், ஆற்றோரத்தில் வெள்ளம் வடிந்தபின் அடிமரம் முழுக்க வண்டல். ‘செமி சிசல்’ கேளுங்கள், மூலை உருண்டிருக்கும், மண் பட்டாலும் தாங்கும். மூன்று எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்: பிட்ச், கேஜ் (பாரின் காடியில் இறங்கும் கண்ணியின் தடிமன்), டிரைவ் லிங்க் (அந்தக் கண்ணி) எண்ணிக்கை. ஸ்டில் 16 இஞ்ச் 0.325 என்றால் பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டர் கேஜ், 67 லிங்க். ஹஸ்க்வர்னாவில் கேஜ் 1.3 அல்லது 1.5, லிங்க் 66. ‘எல்லாம் ஒண்ணுதாண்ணே, மாட்டிக்கலாம்’ என்று கடைப்பையன் சொல்வதை நம்பி வாங்கினால் வீட்டுக்கு வந்துதான் மாட்டாது என்று தெரியும்.

நோய் பிடித்த தென்னையை வெட்டும் வேலையும் உங்களுக்கு வரும், அதனால் இது. அடித்தண்டழுகல் நோய் 1952-ல் நம் தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் முதலில் பதிவானது, அதனாலேயே தஞ்சாவூர் வாடல் என்று பெயர். அடிமரத்தில் செம்பழுப்பாகச் சாறு வடிந்திருக்கும், உள்ளே அழுகியிருக்கும். சிவப்புக் கூன்வண்டு விழுந்ததும் அப்படித்தான், வெளியே மரம், உள்ளே கூடு. இந்த மாதிரி மரத்தை அறுக்குமுன் அரிவாளின் பின்பக்கத்தால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். டொப் டொப் என்று பானைச் சத்தம் வந்தால் அந்த இடத்தில் அறுக்காதீர்கள், சத்தம் கெட்டியாகிற உயரத்துக்குப் போங்கள். விழும் பக்கத்து வாய்வெட்டுக்கும் பின்வெட்டுக்கும் நடுவில் அறுக்காமல் விடுகிற கீல், அழுகின மரத்தில் பிடிக்காது. மரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். கொண்டையில் கயிறு கட்டி, மரத்தின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில் ஆளை நிறுத்தாமல் பின்வெட்டைத் தொடவே தொடாதீர்கள். புயலில் வேரோடு சாய்ந்த மரம் என்றால் வேர்த்தட்டின் பின்னால் யாரும், குறிப்பாகப் பிள்ளைகள், நிற்கக் கூடாது. தண்டை அறுத்ததும் எடை குறைந்து அந்த மண்தட்டு படாரென்று நிமிர்ந்து பள்ளத்தில் உட்காரும்.

கைலியோடு மெஷின் பிடிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். நான் சொல்வது உரிமையோடு. காலில் கட்டுகிற பாதுகாப்பு உறை கிடைக்கிறது, உள்ளே நீள நீளமான நூலிழை. செயின் பட்டால் அந்த இழை வெளியே வந்து ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். வெயிலில் புழுங்கும்தான். இருந்தாலும் போடுங்கள். காதுக்கும் மூடி வேண்டும், இந்த மெஷின்களெல்லாம் 100 டெசிபலுக்கு மேல் கத்துகின்றன.

பேட்டரி மெஷினைப் பற்றிக் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். கோயில், ஆஸ்பத்திரி வளாகத்தில் கிளை கழிக்க நல்லது. நாள் முழுக்கத் தோப்பில் அறுக்க எத்தனை பேட்டரி சுமப்பது, எங்கே சார்ஜ் போடுவது? உங்கள் வேலைக்கு இப்போது வேண்டாம்.

கடைக்குப் போகும்போது இப்படிச் செய்யுங்கள். மெஷினைக் காட்டச் சொல்லாதீர்கள். அந்த மாடலுக்குச் செயின் ஸ்ப்ராக்கெட், கிளட்ச் டிரம் பேரிங், ஆயில் பம்ப், கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டர் ஸ்பிரிங், ஏர் ஃபில்டர், இந்த ஐந்தையும் கையிருப்பில் இருந்து எடுத்து மேஜை மேல் வைக்கச் சொல்லுங்கள். ‘ஆர்டர் போட்டா நாலு நாள்ல வந்துரும்’ என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள். ஐந்தையும் வைத்துவிட்டால், அது 261-ஆக இருந்தாலும் 550-ஆக இருந்தாலும், அங்கேயே பணத்தைக் கட்டிவிடலாம். கட்டிவிட்டு அப்படியே ஸ்பேர் செயின் இரண்டும் 4.8 அரம் மூன்றும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.